வாத்தியார்மாருக்கு நான் தெலுங்கு எடுத்த காலை

கோட்டுப் போட்ட ஐந்து வாத்தியார்மார், தலையில் கயிற்றை மாட்டி முதுகில் கொழுந்துக் கூடையைத் தொங்கவிட்டுக்கொண்டு, தேயிலை ஸ்டோரின், அதாவது கொழுந்தைத் தூளாக்கும் பாக்டரியின், மேல்மாடியில் வரிசையாக நின்ற காட்சியை இந்த மலைநாட்டில் பார்த்தவர்கள் மிகச் சிலர். அப்படி நிற்க வைத்தவன் ஒருவன்தான். அது நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தட்டுகளில் முதல்நாள் கொழுந்து வாடிக் கிடந்தது. வாடும் கொழுந்துக்கு ஒரு மணம் உண்டு. நறுக்கிய மாங்காயை ஈரச் சாக்கில் கட்டி வைத்த மாதிரி. அந்த மணத்துக்கு நடுவே நின்றுகொண்டு நான், "எத்து!" என்று கத்தினேன்.

ஐந்து பேரும் முழித்தார்கள்.

நான் என் கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். அவர்களும் தூக்கினார்கள். "தின்ச்சு!" என்று கீழே வைத்தேன். அவர்களும் வைத்தார்கள். மறுபடி எத்து. மறுபடி தின்ச்சு. கனகசபை மாஸ்டரின் மூக்குக் கண்ணாடி வழுக்கி மீசைக்கு வந்துவிட்டது.

"இது பாடமா, பழிவாங்கலா?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார்.

இரண்டும்தான் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. ஆனால் அன்றைக்குப் பாடம் முடியும்வரை தமிழில் வாய் திறப்பதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன்.

மூன்றாம் வகுப்பின் பெருமை

சென்ற வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் அட்டனில் என் கடைக்கே வந்துவிட்டார். "மொதலாளி, மூணாம் வகுப்பே முடிக்கலன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே, வெளிய சொல்லலாமா?" என்று காதோடு கேட்டார்.

ஏன் சொல்லக்கூடாது? படித்தவன் உத்தியோகம் தேடிப் போகிறான். படிக்காதவன் கடை திறந்து, படித்தவனைக் கணக்கெழுத வைக்கிறான். இன்றைக்கு என் இரும்புக் கடைக்கு முன்னால் நிற்கும் இரண்டு லாரியும் என் படிப்பால் வந்தவை அல்ல, என் வாயால் வந்தவை. எழுத்துப் பிழைகளைத் திருத்தப் பத்திரிகை ஆபீசில் ஆள் வைத்திருக்கிறார்கள். அவர்களும் பிழைக்க வேண்டாமா?

திம்புள்ளைப் பக்கம், டயகமவுக்குப் போகிற ரோட்டிலிருந்து பிரிந்து மேலே ஏறினால் எங்கள் தோட்டம். அதில் ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கும் கீழ் லயம் என்ற வீட்டு வரிசை எங்களுடையது. அங்கே வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ். வேலை, தோட்டம் கூட்டுவது. லயம், கக்கூஸ், சாக்கடைக் கான், பங்களா வாசல் எல்லாம் எங்கள் விளக்குமாற்றுக்குச் சொந்தம். நாங்கள் கூட்டிய வாசலில் எல்லோரும் நடப்பார்கள். எங்கள் வீட்டுத் தண்ணீரை மட்டும் ஒருவரும் வாயில் வைக்க மாட்டார்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மலைநாட்டுக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களும் இப்போது தெரிந்துகொண்டிருப்பார்கள்.

தாய் தகப்பன் போன பிறகு என்னை வளர்த்தது பெத்தம்மா, என் அம்மாவின் அக்காள். அவள் லயம் கூட்டினாள். நான் சின்ன துரையின் பங்களா வாசல் கூட்டினேன். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று எங்கள் ஆட்களுக்கு இருந்த ஓட்டும் போய், கொஞ்ச காலம் ஆகியிருந்தது. சுதந்திரம் வந்தது என்று வாசல் தானாகச் சுத்தமாகிவிடவில்லை.

தக்காளித் துரை

அப்போது சீமையிலிருந்து புதிதாக வந்து இறங்கினார் ஒரு சின்ன துரை, தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்கு உதவியாள். வெயில் பட்டாலும் சிவப்பார், வெட்கம் வந்தாலும் சிவப்பார். வந்த வாரமே தக்காளித் துரை என்று பெயர் விழுந்துவிட்டது.

சின்ன துரைமாருக்குத் தமிழ்ப் பரீட்சை உண்டு. தேறாவிட்டால் வேலை நிரந்தரமில்லை. அதனால் சுற்று வட்டாரத்துத் துரைமாருக்கெல்லாம் பள்ளிக்கூட வாத்தியார்மார் போய்த் தமிழ் எடுப்பார்கள். அதில் தலை கனகசபை மாஸ்டர். இந்தியாவில் படித்து வந்தவர். தலைவலி வந்தால்கூட இலக்கணத்தோடு முனகக்கூடியவர்.

அவரிடம் பல மாதம் படித்துவிட்டு, ஒரு விடியற்காலை தக்காளித் துரை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் முன்னால் ஏறி நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"பெண்டிரே! கொழுந்தினைக் கொய்து வருவீராக!"

கொழுந்துக்காரப் பொம்பளைகளில் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்:

"ஏண்டி, காமன் கூத்துக்கு இன்னும் நாள் கெடக்குல்ல?"

"தொரைக்கு வேஷம் குடுத்திட்டாங்க போலருக்கு. ரதி யாருன்னு கேளு!"

கங்காணி வாயைப் பொத்திக்கொண்டு கவ்வாத்து மலைப் பக்கம் திரும்பிவிட்டார். துரை சிவந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. பரீட்சையிலும் அதே கதைதான். போய் வந்தார், தேறவில்லை.

அந்தச் சமயம் அவருடைய சமையல்காரர் தீபாவளிக்கு என்று ஊருக்குப் போய் மாசக்கணக்கில் திரும்பவில்லை. பங்களாவில் துரையும் நானும்தான். துரைக்கு நான் வேலைக்காரன். எனக்கு அவர் மாணவன். இது அவருக்குத் தெரியாது.

காலையில் கையைக் காட்டிக் குளிக்கத் தண்ணீர் கேட்பார். பச்சைத் தண்ணீரை வைப்பேன். அந்தப் பனியில் பச்சைத் தண்ணீரில் குளித்த வெள்ளைக்காரன், மறுநாள் "சுடுதண்ணி" என்ற சொல்லைத் தானாகவே தேடிக்கொண்டு வந்தான். சுடுதண்ணி என்றால் சுடுதண்ணி. "கொஞ்சம் ஆத்து" என்று கேட்கத் தெரியாததால் ஒருநாள் வெந்தும் போனார். அதற்கு அடுத்த நாள் அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். இங்கிலீசில் கேட்டால் என் காது கேட்காது. பிறகு கூடையை மாட்டி மலைக்கு அனுப்பினேன். கொழுந்து எடுக்கும் நிரை வரிசை மாறிப் போனால் பொம்பளைகள் திட்டினார்கள். திட்டைப் போல வேகமாக மூளைக்குள் இறங்கும் பாடம் வேறில்லை.

அடுத்த பரீட்சையில் தக்காளித் துரை தேறினார். தேறியது மட்டுமல்ல, பரீட்சைக்காரர்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்துவிட்டு வந்தாராம். யாரிடம் படித்தாய் என்று பெரிய துரை கேட்டார். சின்ன துரை வாசலைக் காட்டினார். வாசலில் நான் விளக்குமாற்றோடு நின்றேன்.

நாற்காலியா, விளக்குமாறா

பெரிய துரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். முப்பது வருஷம் தோட்டத்தில் குப்பை கொட்டியவர். தமிழ் பேசுவார், ஆனால் எல்லாம் உத்தரவாகத்தான் வரும்.

"நரசி, வாத்தியார் எல்லாரையும் கூப்பிட்டாச்சு. நீ எப்பிடிச் சொல்லிக்குடுக்கிறது, அவங்களுக்குக் காட்டு. அவங்க நல்லதுன்னு சொன்னா, இந்தப் பக்கத்துத் தோட்டத்துச் சின்ன துரைக்கெல்லாம் நீதான் தமிழ் ஆளு. ஸ்டோர் பக்கத்தில வீடு."

"சொல்லலன்னா தொரை?"

"வாசல் இருக்கு, கூட்டு."

ஸ்டோர் பக்கத்து வீடு என்றால் உங்களுக்கு வெறும் வீடு. எங்களுக்கு அது ஓடைக்கு இந்தப் பக்கம். கீழ் லயத்திலிருந்து ஒருவர்கூட அதுவரை ஓடையைத் தாண்டிக் குடி வந்ததில்லை.

பெத்தம்மாவிடம் சொன்னேன். "எவன்டா ஒன்ன நல்லதுன்னு சொல்லுவான், அந்த அஞ்சு பேர்ல?" என்று கேட்டுவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

பேசிக் கெடுத்தேன்

சின்ன துரையின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். கை நீளம், மடித்துவிட்டேன். வந்த வாத்தியார்மாரில் நான்கு பேர் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது. பங்களாவுக்கு வந்துபோன கனகசபை மாஸ்டரும் வாசல் கூட்டுகிறவன் முகத்தைப் பார்த்ததில்லை. கோட்டைப் பார்த்து "வாங்க தம்பி" என்றார்கள். ஐந்தாமவர் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து ஆறுமுகம் வாத்தியார். வயதானவர். கோயிலில் பஜனை பாடுகிறவர். என்னை நன்றாகத் தெரியும். ஆனால் பெரிய துரை தேயிலைப் பெட்டி மேல் உட்கார்ந்து பைப் புகைத்துக்கொண்டிருந்ததால், தெரிந்ததை விழுங்கிக்கொண்டார்.

நான் பேச ஆரம்பித்தேன். எனக்குப் பேச வராது என்று எதிரிகூடச் சொல்ல மாட்டான். ஆனால் அன்று என் முறையைப் பற்றி நான் பேசப் பேச, ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருவர் கூரைத் தகரத்தை ஆராய்ந்தார். கனகசபை மாஸ்டர் கையை உயர்த்தினார்.

"தம்பி, தாங்கள் கூறும் இம்முறைக்குப் பெயர் யாது?"

"பேரு வைக்கலிங்க."

"பெயரற்ற முறையை யாங்ஙனம் பின்பற்றுவது?"

மற்றவர்கள் சிரித்தார்கள். பெரிய துரை பைப்பைப் பெட்டியில் தட்டினார். அந்தச் சத்தத்தில் ஸ்டோர் பக்கத்து வீடு இரண்டு மைல் தள்ளிப் போனது எனக்குக் கேட்டது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? துரைக்குக் கனகசபை மாஸ்டர் செய்ததைத்தான் நான் கனகசபை மாஸ்டருக்குச் செய்துகொண்டிருக்கிறேன்! நீச்சலைப் பற்றிக் கரையில் உட்கார்ந்து பேச்சு. இவர்களை ஆற்றில் தள்ள வேண்டும். ஒரு பாஷையும் தெரியாமல் நின்றால் எப்படியிருக்கும் என்பது இவர்களுக்கு மறந்துபோய் எத்தனையோ காலமாயிற்று. தமிழ் தெரியும், இங்கிலீஷ் தெரியும், கடைத் தெருச் சிங்களமும் தெரியும். தெரியாதது என்ன?

வாயை மூடினேன். கீழே இறங்கிப் போய் ஆறு கூடையைக் கொண்டுவந்தேன். மாடிப்படியில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையிடம், பெத்தம்மாவைத் தேத்தண்ணி போட்டு எடுத்துவரச் சொல்லி அனுப்பினேன். தமிழே தெரியாத மாதிரி வரவேண்டும் என்றும் சொல்லச் சொன்னேன். என் முறையில் கடைசிப் படி அதுதான். கேட்டால் கிடைக்க வேண்டும். அதுவும் வாத்தியாரிடமிருந்து அல்ல, அந்தப் பாஷையில் பிழைக்கிற ஆளிடமிருந்து.

எத்து, தின்ச்சு

இப்படித்தான் கூடைகள் தலைக்கு ஏறின. எத்து, தின்ச்சு. ரா, போ. காவால என்றால் வேண்டும், ஒத்து என்றால் வேண்டாம். கொழுந்தை நீட்டி, "காவாலா?" என்பேன். வாங்குகிறவர் "காவால" என்பார். விளக்குமாற்றை நீட்டினால் ஐந்து பேரும் பின்னால் போய் "ஒத்து, ஒத்து!" என்பார்கள்.

அரை மணி நேரத்தில் கொட்டாவி எங்கே போனதோ தெரியவில்லை. தலை நரைத்த வாத்தியார் ஒருவர், பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து, "எத்துய்யா, ஒனக்குத்தான் சொல்றாரு!" என்று முழங்கையால் இடித்தார். கனகசபை மாஸ்டர் இருக்கிறாரே, அவரைப் பிடிக்காவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும், கற்பூரம். ஒருமுறை கேட்டால் போதும், பற்றிக்கொண்டார். முதல் மாணவன் என்ற பெருமையில் கோட்டுப் பொத்தானை வேறு கழற்றிவிட்டார்.

மக்கு மாணவர் ஆறுமுகம் வாத்தியார். இதில் ஒரு வேடிக்கை. மனுஷன் நாற்பது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு தெலுங்குக் கீர்த்தனை பாடுகிறவர். சாமியிடம் தெலுங்கில் உருகுவார். கூடையை இறக்கு என்றால் தூக்குவார். "வா என்றால் எதுப்பா, ராவா போவா?" என்று தமிழில் கெஞ்சினார். நான் காது கேட்காதவனாக நின்றேன்.

பெரிய துரை பைப்பை அணைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். வீடு பக்கத்தில் வந்துவிட்டது.

தேத்தண்ணி வந்தது

பெத்தம்மா படியேறி வந்தாள். தட்டில் தகரப் பேணிகள், ஆவி பறந்தது. இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். நல்ல சேலைதான் கட்டியிருந்தாள். ஆனால் தோட்டத்தில் லயம் கூட்டுகிற ஆளை முகம் பார்த்து அடையாளம் காண வேண்டிய தேவையே இல்லை. இடுப்பை வளைத்து ஓரமாக வருகிற அந்த நடையே சொல்லிவிடும்.

நால்வர் முகமும் மாறியது. என் முகத்தையும் அவள் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அவர்கள் கண்ணுக்கு என் கோட்டு அந்த நிமிஷத்தில் காணாமல் போயிற்று.

தெரிந்தேதான் செய்தாயா என்று இன்றுவரை கேட்கிறார்கள். சத்தியமாக இல்லை. அதுவரை நான் பாடம் எடுத்ததெல்லாம் வெள்ளைக்காரருக்கு. வெள்ளைக்காரன் நாம் கொடுத்த எதையும் குடிப்பான். பாடத்தின் மேல் வைத்த கவனத்தில், எதிரே நிற்பவர்கள் நம்மவர்கள் என்பதை மறந்தே போனேன்.

பெத்தம்மா நேராகக் கனகசபை மாஸ்டரிடம் போய்ப் பேணியை நீட்டினாள். "தேத்தண்ணி காவாலா, அய்யா?"

அவர் பெரிய துரையைப் பார்த்தார். துரை ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி மேல் இருந்த மனுஷனுக்கு முப்பது வருஷம் இருந்தும் இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போக முடியாது, அதட்டி விரட்டவும் முடியாது. பதில் சொல்லியாக வேண்டும். அவளுக்கோ தமிழ் தெரியாது என்று மாஸ்டருக்கு நினைப்பு.

"ஒத்து," என்றார்.

"எந்துக்கு?" ஏன் என்று கேட்கிறாள்.

மாஸ்டர் என் பக்கம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "வயிற்று வலிக்கு என்னடா சொல்லுவது?" என்றார். தம்பி போய், டா வந்துவிட்டது. இலக்கணமும் பாதி போய்விட்டது.

"கடுப்பு நொப்பி."

"கடுப்பு நொப்பி!" என்று அவளிடம் திரும்பி, கையை வயிற்றில் வைத்து நடித்துக் காட்டினார். நான் சொல்லிக்கொடுக்காத நடிப்பு.

"இஞ்சி வேசினானு. மஞ்சிதி. தாகு." இஞ்சி போட்டிருக்கிறேன், வயிற்றுக்கு நல்லது, குடி என்கிறாள். விடுவாளா பெத்தம்மா?

அடுத்தவர் அதற்குள் என் கோட்டைப் பிடித்து இழுத்தார். "டேய், இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்னு எப்பிடிச் சொல்றது? சீக்கிரம் சொல்லு!" இன்னொருவருக்கு விரதத்துக்குச் சொல் வேண்டியிருந்தது. நாலாமவர் டாக்டர் தேத்தண்ணி கூடாது என்றிருப்பதாகச் சொல்ல வேண்டுமாம், பாதிக்கு மேல் கையாலேயே சொல்லிவிட்டார். பெத்தம்மா ஒவ்வொருவரிடமும் ஏன் என்கிறாள், அவர்கள் பதில் சொல்கிறார்கள், அவள் மடக்குகிறாள், அவர்கள் வேறு பதில் தேடி என்னிடம் ஓடி வருகிறார்கள். மாடி முழுக்கத் தெலுங்கு! மாணவன் தானாக ஓடிவந்து சொல்லைக் கேட்டுப் பிடுங்கிக்கொண்டு போகிறான் என்றால், அதைவிட ஒரு வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்?

பெரிய துரை தொடையில் தட்டினார். "பேசுறாங்க! நரசி, பேசுறாங்க!"

ஆமாம், பேசினார்கள். பெத்தம்மாவின் கைப்பேணியைத் தொடாமல் இருப்பதற்காக, அவளுடைய பாஷையை நாலு பேரும் தண்ணீராகப் பேசினார்கள்.

கடைசியில் ஆறுமுகம் வாத்தியார். அவர் வாய் திறந்தார். வரவில்லை. அந்த ஒத்து என்கிற ஒற்றைச் சொல் அவருக்கு மறந்துபோய்விட்டது. என்னைப் பார்த்தார். நான் கேட்காதவனாக நிற்கவில்லை, மற்றவர்களிடம் மாட்டிக்கொண்டிருந்தேன். "ரா..." என்றார். "போ..." என்றார். பெத்தம்மா பேணியை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டார். ஒரு நிமிஷம் பேணிக்குள் பார்த்தார். குடித்தார். கூரைத் தகரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

தீர்ப்பு

"சொல்லுங்க," என்றார் பெரிய துரை. "நரசி முறை நல்லதா? மூத்த வாத்தியார் சொல்லட்டும்."

மூத்தவர் ஆறுமுகம்தான். மற்ற நால்வரும் அவருக்கு ஜாடை காட்டினார்கள். கனகசபை மாஸ்டர் வெளிப்படையாகவே தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

ஆறுமுகம் வாத்தியார் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பாடம் நல்ல பாடந்தான் தொரை. இவங்க நாலு பேரும் எப்பிடிப் படிச்சிட்டாங்க பாத்தீங்கள்ல. நான்தான் சரியாப் படிக்கல. படிச்சிருந்தா தேத்தண்ணி குடிச்சிருக்க மாட்டேன்."

பெரிய துரை உரக்கச் சிரித்தார். அவருக்குப் புரிந்தது வேறு. நால்வரும் சிரிக்கவில்லை. நல்ல பாடம் இல்லை என்று மறுத்தால், அவர்கள் பேசின தெலுங்கு எங்கிருந்து வந்தது என்று துரை கேட்பார். கனகசபை மாஸ்டர் கோட்டுப் பொத்தானைத் திரும்பவும் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

ஸ்டோர் பக்கத்து வீடு எனக்குக் கிடைத்தது. பிறகு வந்த சின்ன துரைமார் எத்தனை பேருக்கு நான் தமிழ் எடுத்தேன், அவர்கள் மூலமாக எப்படிக் கடை வியாபாரத்தில் கால் வைத்தேன் என்பதெல்லாம் வேறு பெருமைகள்.

அன்று பேணிகளைத் தூக்கிக்கொண்டு பெத்தம்மாவோடு ஓடைப் பக்கம் இறங்கினேன். நாலு பேணியில் தேத்தண்ணி அப்படியே ஆறிப்போயிருந்தது. ஒன்றை அவள் குடித்தாள், ஒன்றை எனக்குக் கொடுத்தாள்.

"அந்தக் கெழவர் சொன்னது கேட்டிச்சா?" என்றேன்.

"காது நல்லாத்தான்டா இருக்கு," என்றாள் தெலுங்கில். "தெனமும் நம்ம லயத்தத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போறாரு. நாளைக்கும் ஒரு பேணி நீட்டணும்."

ஓடையைத் தாண்டிவிட்டுத் திரும்பினாள்.

"நீ யாருக்கு வேணும்னாலும் எத வேணும்னாலும் சொல்லிக்குடு, நரசி. அவருக்கு மட்டும் அந்த 'ஒத்து'ங்கிறதச் சொல்லிக்குடுத்திராத."

அவர் அந்தத் தோட்டத்தை விட்டுப் போகும்வரை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.